திறப்பதற்கு முன் எடுத்த அளவு எங்கே?

காரும் காசும் – 14

வழக்கமான சர்வீஸுக்குக் காலையில் விட்ட கார். மதியம் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வருகிறது: “சார், கூலண்ட் கம்மியா இருக்கு. ஹெட் கேஸ்கட் போயிருக்கு, ஹெட்டை இறக்கணும். நாப்பத்தஞ்சாயிரம் ஆகும், செஞ்சிரலாமா?” காரின் சொந்தக்காரர் மனதில் உடனே எழுவது, இந்த ஆள் உண்மை பேசுகிறாரா, தலையில் மிளகாய் அரைக்கிறாரா என்ற கேள்விதான். போனில் ஒருவருடைய குரலை வைத்து அதற்கு விடை காண முடியாது. நேரில் போய் முகத்தைப் பார்த்தாலும் முடியாது. கண்ணியமாகப் பேசுகிறவர் தவறாகக் கணித்திருக்கலாம், கடுகடுப்பானவர் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அந்த அளவு என்ன, தயாரிப்பு நிறுவனம் அனுமதிக்கும் எல்லை என்ன? இவற்றுக்கு விடை உண்டு. ஒரு இன்ஜின் வேலை தேவைதானா என்பதை, இன்ஜினைத் திறப்பதற்கு முன் எடுத்த அளவைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும் என்பது என் வாதம். பின்னால் காட்டப்படும் சான்றுகள் எல்லாம் பெரும்பாலும் சான்றுகளே அல்ல.

இது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். “வேலை முடிந்ததும் கார் நன்றாகத்தானே ஓடுகிறது, அது போதாதா?” என்பார்கள். போதாது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று, காசு கொடுத்து அனுபவித்த பிறகும் தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியவராத சேவைகளைப் பற்றிப் பேசுகிறது. குடல்வால் அறுவையும் கார் ரிப்பேரும் அந்த வகை. குடல்வாலில் நோய் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை எடுத்த பிறகு நோயாளி ஒரே மாதிரிதான் நடமாடுவார். காரிலும் அதே கதை. ஹெட்டை இறக்கி ஏற்றும்போது கூலண்ட் புதிதாக ஊற்றப்படுகிறது, ஆயில் மாறுகிறது, ஹோஸ்கள் கழற்றப்பட்டுப் புதிய கிளிப்புகளுடன் இறுக்கப்படுகின்றன, சில சமயம் ரேடியேட்டர் மூடியும் மாறுகிறது. கூலண்ட் குறைந்ததற்குக் காரணம் தளர்ந்த ஒரு கிளிப்பாகவோ உழைத்துப்போன மூடியாகவோ இருந்திருந்தால், அந்த நோயும் இந்த வேலையிலேயே சத்தமில்லாமல் குணமாகிவிடும். சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டியது நாற்பத்தைந்தாயிரத்தில் தீர்ந்திருக்கிறது. காரோ இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும். பழைய பாகத்தைக் காட்டுவதும் இப்படித்தான். ஹெட் கேஸ்கட் என்பது போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்கி அமரும் பொருள். நல்ல கேஸ்கட்டைக் கழற்றினாலும் கையில் வருவது கறுத்து, நசுங்கி, பார்க்கவே பாவமான ஒரு தகடுதான். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்குள் கரி படியாத வால்வு ஏது?

அளவு என்று நான் சொல்வது ஏதோ ஆராய்ச்சிக்கூட சமாச்சாரம் அல்ல. ரேடியேட்டரில் கைப்பம்பு ஒன்றை மாட்டி அழுத்தம் ஏற்றினால், முள் இறங்குகிறதா, எங்கிருந்து கசிகிறது என்பது சில நிமிடங்களில் தெரியும். வெளியே எங்கும் ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் சந்தேகம் உள்ளே திரும்புகிறது. அடுத்து, கூலண்டின் மேலிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சிப் பார்க்கும் சோதனை. பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்ப்பது. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் இது 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை இருக்கும்; குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பது அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் அச்சாகியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இவற்றைச் செய்து, எண்களை எழுதி நீட்டுகிறவரிடம் நாற்பத்தைந்தாயிரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும் போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரிடம் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். குளிர் ஊரில் தினமும் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடுகிற, இன்ஜின் முழுதாகச் சூடேறாத காரின் மூடியிலும் அந்தப் படிவு வரும். ஊட்டிக்காரர்களுக்கு இது தெரியும்.

ஸ்கேனரில் வருகிற கோடும் இப்படி அரைச் சான்றுதான். பி0301 என்று திரையில் வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்பதைக் கருவி சொல்வதில்லை. பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், வால்வு, எதுவும் காரணமாகலாம். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினால், கோடு பி0302-க்கு நகர்கிறதா என்று பார்த்துவிடலாம். நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் “கம்ப்யூட்டரே சொல்லிருச்சு சார்” என்று நான்கு காயில், நான்கு இன்ஜெக்டர் எழுதப்பட்ட எஸ்டிமேட் வந்தால், அதில் மோசடி இல்லாமலும் இருக்கலாம். சோம்பல் நிச்சயமாக இருக்கிறது. பில் தொகை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

முன்கூட்டி எடுத்த அளவுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் கார் சர்வீஸ் மையங்களும் நடத்திவந்தது. தேவையில்லாத வேலைகளை விற்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் புகார்கள் குவிந்தன. மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறை செய்த காரியம் எளிமையானது: கார்களின் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களைப் பிரித்து, பரிசோதித்து, குறியிட்டு, போட்டோ எடுத்தது. பிரேக் மட்டும் தேய்ந்த நிலையில் அந்தக் கார்களுடன், வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பியது. நன்றாக இருந்த பாகங்களையும் மாற்றச் சொல்லிப் பல மையங்கள் சிக்கின. 1992 ஜூனில் அந்த மாநிலத்தில் சியர்ஸின் 72 மையங்களின் உரிமத்தையும் ரத்துசெய்ய அரசு நடவடிக்கை எடுத்தது. ஊழியர்களுக்கு விற்பனை இலக்கும் கமிஷனும் வைத்ததுதான் வேர் என்பது வெளிப்பட்டு, நிறுவனம் அட்வைசர்களின் கமிஷனைக் கைவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு 50 டாலர் கூப்பன் கொடுத்தது. ஊழியர்கள் எல்லாரும் திருடர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாத இலக்கு தலைக்கு மேல் தொங்கும்போது, சந்தேகத்துக்கிடமான பாகம் மாற்ற வேண்டிய பாகமாகத் தெரியத் தொடங்கும். நம் ஊர் ஷோரூம்களிலும் அட்வைசருக்கு இலக்கு உண்டு. ஆனால் கலிபோர்னிய அரசுக்கே, பாகங்களின் முந்தைய நிலை கையில் இருந்ததால்தான் குற்றத்தைக் காட்ட முடிந்தது. சாதாரண வாடிக்கையாளரிடம் அது இருப்பதில்லை. அவர் கேட்டு வாங்க வேண்டியதும் அதைத்தான்.

மெக்கானிக்குகள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமானது: திறந்து பார்க்காமல் தெரியாத கோளாறுகள் உண்டு. பேரிங் தேய்மானத்தையும் சிலிண்டர் சுவரின் கீறலையும் வெளியிலிருந்து முழுதாக எடைபோட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் திறப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஆயில் பிரஷர் குறைவு, கம்ப்ரஷன் குறைவு என்று அந்தக் காரணத்துக்கு ஒரு எண் இருக்கும். திறந்த பிறகு இன்னொரு எண். ஹெட் வளைந்திருக்கிறது என்றால் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியும். ஆக, பிரிக்க ஒரு எஸ்டிமேட், பிரித்து அளந்த பின் ரிப்பேருக்கு ஒரு எஸ்டிமேட் என்று இரண்டாகக் கேட்டால் இந்த மறுப்பு தீர்ந்துவிடுகிறது. டைமிங் பெல்ட் வேறு ரகம். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும் என்பதால் எந்த அறிகுறியும் இல்லாமலே மாற்றியாக வேண்டும். அங்கே எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு. டைமிங் செயின் உள்ள காருக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கே கிடையாது. மேனுவலில் எங்கும் இல்லாத இன்ஜின் ஃபிளஷும் டீகார்பனைசிங்கும் பில்லில் ஏறுவதை இந்த வாதம் காப்பாற்றாது. கேள்வி கேட்டால் நல்ல மெக்கானிக் மனம் நோவார் என்பார்கள். காதால் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சந்தேகத்தை உறுதி செய்யும் கேஜ் கையில்தான் இருக்கும். கேள்வியால் நஷ்டப்படுவது அளக்காமல் சொன்னவர் மட்டுமே.

இன்னொரு கடையில் காட்டலாமே என்பது நல்ல யோசனை, ஆனால் எளிதல்ல. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. அளவுகள் எழுத்தில் இருந்தால் காரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அந்தத் தாளையே இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டலாம். வழக்கென்று வந்தாலும் அதுதான் உதவும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. புகார் சொல்ல 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் வேலை தேவையில்லாதது என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் புகார் கொடுத்தவர் மேல்தான் விழும். எனவே அடுத்த முறை காரை விடும்போது, ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் ஒரு வரி எழுதிவிடுங்கள்: “இன்ஜினைத் திறக்கும் முன் எடுத்த அளவுகளையும் நிறுவனத்தின் எல்லை அளவுகளையும் எழுத்தில் தந்து, என் சம்மதம் பெற்ற பிறகே திறக்க வேண்டும்.”