பிள்ளைகளின் பேச்சும் நமது கருத்துரையும்

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பேச்சுப் பயிற்சிக்குத் தனியிடம் உண்டு. பிள்ளை எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசுகின்றது. ஆசிரியர் குறைநிறைகளை எடுத்துரைக்கின்றார். பிள்ளை எவ்வாறு பேசவேண்டும் என்பதைப் பற்றி நாம் நிறையக் கூறுகின்றோம். பேசியபின் அப்பிள்ளைக்கு நாம் எவ்வாறு கருத்துரைக்க வேண்டும் என்பதைச் சிந்திப்பது குறைவு. திருக்குறளில் 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரம். அதற்கு வெகு முன்னரே, 42ஆம் அதிகாரமாக, 'கேள்வி' அமைந்துள்ளது. பேசுவோருக்கு அஞ்சாமை வேண்டும். கேட்போருக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியராக இருந்த காலத்தில் இதனை எனக்கு உணர்த்தியவள் பத்து வயது மாணவி ஒருத்தி.

'எனது அம்மம்மா' என்ற தலைப்பில் அவள் பேசத் தொடங்கினாள். 'வாழைப்பழம்' என்பது 'வாலைப்பலம்' ஆயிற்று, திருத்தினேன். 'வெள்ளம்' என்பது 'வெல்லம்' ஆயிற்று, மீண்டும் திருத்தினேன். 'நான் போனனான்' என்றாள். 'போனேன்' என்று சொல்லும்படி பணித்தேன். ஐந்தாறு முறை இடைமறித்தபின், அவள் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு, பேச்சை முடிக்காமலே அமர்ந்துவிட்டாள்.

வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை அன்று மாலை என்னிடம், "தம்பி, அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவைப் பற்றி என்ன சொல்ல வந்தது என்று உமக்கு விளங்கியதா?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. எழுத்துகளைக் கேட்டேனேயன்றிப் பேச்சை நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவளது தாளை வாங்கிப் பார்த்தேன். தாயார் சொல்லச் சொல்ல, அவள் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தாள். தமிழின் ல, ள, ழ மூன்றும் அத்தாளில் ஒரே எழுத்தாக நின்றன. ந, ன, ண மூன்றும் அவ்வாறே. ர, ற இரண்டும் அவ்வாறே. தாளில் இல்லாத வேறுபாடு நாவில் எவ்வாறு தோன்றும்? பிழையின் வேர் அவளது நாவில் அன்று, தாளில் இருந்தது. மேலும், 'போனனான்' என்பது பிழையன்று. அது யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு. மேடையில் எழுத்துவழக்கு வேண்டுமாயின், இரண்டும் தமிழே என்றும், இடத்திற்கேற்ப மாறும் என்றும் சொல்லியிருக்கவேண்டும். அவள் வீட்டில் கேட்டறிந்த தமிழையே நான் தவறென்று கூறிவிட்டேன்.

அதன்பின் மூன்று நடைமுறைகளைக் கைக்கொண்டேன்.

முதலாவது, பேச்சு முடியும்வரை இடைமறிப்பதில்லை. முடிந்ததும், அப்பிள்ளை சொன்ன செய்தியில் ஒன்றைப் பற்றி முதலில் கேள்வி கேட்பேன். தன் சொல் பிறரைச் சென்றடைந்தது என்பதைப் பிள்ளை அதனால் அறியும்.

இரண்டாவது, ஒருமுறைக்கு ஒரு திருத்தம். அதுவும் செய்யத்தக்க வடிவில். 'உச்சரிப்புச் சரியில்லை' என்பது தீர்ப்பு; அதனால் பயனில்லை. நாநுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் ஒட்டாது ஒலித்தால் ழகரம். வளைந்த நுனி அண்ணத்தைத் தொட்டால் ளகரம். நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் லகரம் என்பது வழிகாட்டல். எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியம் பிறப்பியலில் விளக்கியிருப்பதும் ஒலிப்பைச் செயலாகக் காட்டுவதற்கு முன்னுதாரணம் ஆகும்.

மூன்றாவது, திருத்தியபின் மீண்டும் பேச வாய்ப்பளித்தல். இரண்டாம் முறை பேசாத பிள்ளைக்குக் கருத்துரை வெறும் குறைகூறலாகவே எஞ்சும்.

புள்ளியிடுதலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினர்; கருத்துரையுடன் புள்ளியும் பெற்றவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. புள்ளியைக் கண்டதும் பிள்ளையின் கவனம் பக்கத்துப் பிள்ளையின் புள்ளிக்குச் சென்றுவிடுவதை ஆசிரியர் பலரும் அறிவர். போட்டிக்குப் புள்ளி வேண்டும், பயிற்சிக்கு வேண்டியதில்லை.

அம்மாணவி மீண்டும் எழுந்து பேச ஆறு வாரங்கள் சென்றன. இம்முறை தாள் தமிழ் எழுத்தில் இருந்தது. தொலைபேசியில் அம்மம்மா கேட்பவற்றிற்கெல்லாம் தான் 'ஓம்' என்று மட்டுமே விடை சொல்வதாகவும், இப்பேச்சைப் பழகி அவருக்கே சொல்லிக்காட்ட விரும்புவதாகவும் கூறினாள். அன்று நான் இடைமறித்தது இதனைத்தான்.

பெற்றோர்களே! பேச்சை எழுதிக்கொடுத்து மனனம் செய்விப்பதிலும், பிள்ளை சொல்ல விரும்புவதைக் கேட்டு, அதனைத் தமிழ் எழுத்தில் அதன் கையாலேயே எழுதச்செய்வது நன்று. நான்கு வரியாயினும் போதும். வீட்டில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் திருத்தாது, சரியான வடிவத்தை உங்கள் மறுமொழியில் இயல்பாகச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் நண்பர் பேசி முடித்ததும், அவர் சொன்னவற்றுள் உங்கள் மனத்தில் நின்ற ஒன்றை முதலில் அவரிடம் கூறுங்கள். திருத்தம் அதற்குப் பின்னர் வரட்டும்.