எந்தக் கப்பல்? எந்தத் துறைமுகம்?

படிப்பை முடித்த பிள்ளையிடம் ஊரார் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே வேலை?" என்பதே. அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில், அன்னாபோலிஸ் நகரில், 1845-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கடற்படைக் கல்லூரியின் மாணவர்களுக்கோ, பட்டம் பெறுமுன்பே இதற்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 பேர் அங்கிருந்து வெளியேறுகின்றனர். கல்விக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாகக் குறைந்தது 5 ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். விமானம் ஓட்டக் கற்பவர்க்கு இக்கடமை இன்னும் நீளும்.

நான்காம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கின்றனர். போர்க்கப்பல், நீர்மூழ்கி, விமானப் பிரிவு, மரைன் படை எனப் பிரிவுகள் பல. மதிப்பெண்ணோடு ஒழுக்கம், உடற்திறன் ஆகியனவும் கணக்கில் கொள்ளப்படும். கண்பார்வைக் குறையொன்று வானில் பறக்கும் கனவை முறித்துவிடுவதுமுண்டு. விருப்பம் என்பது விண்ணப்பமே. முடிவு படையின் தேவையைப் பொறுத்தது.

நீர்மூழ்கியை விரும்புவோர் வாஷிங்டன் சென்று, அணு உலைப் பிரிவின் தலைவரை நேரில் காண வேண்டும். இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற தளபதி ரிக்கோவர். இக்கல்லூரியில் பயின்ற ஜிம்மி கார்ட்டருக்கு முதலிற் கிடைத்தது 'வயோமிங்' என்னும் பழைய கப்பல். பின்னர் 1952-இல் அவர் ரிக்கோவர் முன் அமர்ந்தார். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று வினவப்பட்டது. 820 பேரில் 59-ஆவது என்று பெருமையுடன் விடையிறுத்தார். முழுமுயற்சியுடன் படித்தீரா என்பது அடுத்த கேள்வி. 'ஆம்' என்று சொல்ல வாயெடுத்தவர், மனம் உறுத்தவே, எப்போதும் அப்படியில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏன் இல்லை என்று கேட்ட தளபதி, நாற்காலியைத் திருப்பிக்கொண்டார், நேர்காணல் முடிந்தது! ஆயினும் கார்ட்டருக்கு இடம் கிடைத்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அவர், அக்கேள்வியிலிருந்தே தம் நூலொன்றின் தலைப்பை அமைத்துக்கொண்டார்.

போர்க்கப்பற் பிரிவுக்குச் செல்வோர்க்கோ தனியே ஒரு மாலை நிகழ்ச்சி உண்டு. தகுதி வரிசைப்படி ஒவ்வொருவராய் மேடையேறித் தம் கப்பலைத் தாமே தேர்ந்துகொள்கின்றனர். நார்போக், சான் டியாகோ, ஹவாயின் பேர்ல் ஹார்பர், ஜப்பானின் யோகோசுகா, ஸ்பெயினின் ரோட்டா எனத் துறைமுகங்கள் பல. கப்பலைவிடத் துறைமுகத்தையே கருதித் தேர்வோரும் உளர். மணமுடிக்கக் காத்திருப்பவர்க்கு அது சிறு காரியமா?

இவ்வரிசை எல்லார்க்கும் ஒன்றுபோல் பயன்பட்டதில்லை. பெண்கள் 1976-இல் கல்லூரியிற் சேர்க்கப்பட்டு, 1980-இல் முதன்முறையாக 55 பேர் பட்டம் பெற்றனர். 1984-இல் வகுப்பு முழுமைக்கும் முதலிடம் பெற்றவர் ஒரு பெண். எனினும் போரிடும் கப்பல்களில் நிலையான பணியேற்கச் சட்டம் பெண்களைத் தடுத்தது. அவருக்குப் பின்னே வரிசையில் நின்ற ஆண்களுக்கு அக்கதவு திறந்தேயிருந்தது. எத்தகைய அநீதி! அத்தடை 1993-இல் நீங்கிற்று. நீர்மூழ்கியின் கதவு திறக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று அம்மேடையில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் ஏறுகின்றனர். முதலில் ஏறுபவர் முன் பலகை நிறையக் கப்பல்கள். கடைசியில் ஏறுபவர்க்கு எஞ்சியிருப்பதே அவருடையது. தோழர்களின் கரவொலிக்கிடையே அவரும் அதைப் பெற்றுக்கொண்டு இறங்குகிறார்.