வெளுத்த வெல்லமும் இளைக்கும் மூச்சும்

மூச்சுத்திணறலோடு படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ரொட்டி, உலர்திராட்சை, புட்டியில் அடைத்த பழரசம் என ஏதேனும் ஒன்று கையில் இருக்கும். அன்போடு கொண்டுவரப்படும் அப்பொருள்களில் சில, ஆஸ்துமா உள்ள சிலருக்கு அடுத்த திணறலை வரவழைக்கக்கூடும். அதனாலேயே, இளைப்போடு வருவோரிடம் புகை, தூசி, பனி பற்றிக் கேட்கும் நாங்கள், கடைசியாக என்ன உண்டீர்கள் என்றும் கேட்கிறோம்.

எங்கள் ஐயம் சல்பைட்டுகள் மீது. கந்தகத்திலிருந்து பெறப்படும் இவ்வுப்புகள் உணவில் நுண்ணுயிர் வளர்வதைத் தடுக்கும். நிறம் கறுக்காமல் காக்கும். பொன்னிற உலர்திராட்சை, உலர்ந்த அத்தி, பழச்சாற்றுக் கரைசல், சில ஊறுகாய்கள், பொட்டலமிட்ட இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றில் இவை இருக்கலாம். குறித்த அளவுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர் வரை இவற்றைத் தாங்கமாட்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். புளிப்பான பானத்தில் சல்பைட்டு கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளிப்படுகிறது. விழுங்கும்போது அது மூச்சோடு உள்ளே சென்று மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. சில நிமிடங்களிலேயே இளைப்புத் தொடங்கிவிடலாம்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் உணவகங்களில் காய்கறிக் கலவைகள் வாடாதிருக்கச் சல்பைட்டு தெளிக்கும் வழக்கம் இருந்தது. அவற்றை உண்டவர்களுள் உயிரிழப்புகளும் நேர்ந்ததால், பச்சையாக உண்ணும் பழங்களிலும் காய்களிலும் அதைச் சேர்ப்பதை அந்நாட்டு அரசு 1986இல் தடைசெய்தது.

நம் வீடுகளில் இதன் உறவுப்பொருள் வேறு வடிவில் நுழைகிறது. கருப்பஞ்சாறு காய்ச்சும்போது வெல்லத்தின் நிறத்தை வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்ப்போர் உண்டு. சேலம் மாவட்டத்தில் பொங்கலை ஒட்டி உணவுப் பாதுகாப்புத் துறையினர் வெல்ல ஆலைகளில் பலமுறை சோதனை நடத்தி, இவ்வாறு கலப்படம் செய்த வெல்லத்தைப் பறிமுதல் செய்துள்ளனர். வெளிர்மஞ்சள் வெல்லமே தூய்மையானது என்று கருதி நாம் தேடித்தேடி வாங்குவதால்தான் இவ்வணிகம் நிலைக்கிறது. ஆண்டிபட்டிச் சந்தையிலும் சரி, தேனிக் கடைகளிலும் சரி, கரும்பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். 220 முதல் 228 வரையுள்ள எண்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அதில் சல்பைட்டு இருக்கிறது என்று பொருள். ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் உறையில் அறிவிக்க வேண்டும் என்பது இந்திய விதி. உறையின்றி நிறுத்துத் தரும் பொருளில் இந்த அறிவிப்பை எதிர்பார்க்க இயலாது. கழுவினாலோ ஊறவைத்தாலோ இது முற்றிலும் நீங்கிவிடாது.

இரண்டு தவறான புரிதல்களையும் களைய விரும்புகிறோம். சல்பா மருந்து ஒவ்வாமை வேறு, சல்பைட்டு ஒவ்வாமை வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று பொருளல்ல. அடுத்து, சல்பைட்டு ஆகாது என்று அறிந்தவரும் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசியை மறுக்கக் கூடாது. சில அட்ரினலின் ஊசிகளில் சல்பைட்டு மிகச் சிறிதளவே உண்டு. ஊசியைத் தவிர்ப்பதே பேராபத்து.

வீட்டில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இளைப்பு வந்த நேரத்தையும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் உண்டதையும் குறியுங்கள். ஒரே பொருள் மீண்டும் மீண்டும் தென்பட்டால் அதன் உறையோடு எங்களிடம் வாருங்கள். நீங்களாகவே அப்பொருளை மீண்டும் உண்டு சோதிக்க வேண்டாம். அச்சோதனை மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. ஐயத்தின் பேரில் பல உணவுகளையும் ஒதுக்கி உடலை மெலியவிடவும் வேண்டாம்.

இளைப்புத் தொடங்கினால், உங்களுக்கு எழுதித்தந்த உறிஞ்சு மருந்தை உடனே எடுங்கள். அடங்காவிடில் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்தமுறை நோயாளியைப் பார்க்க வருகையில் நாட்டு வாழைப்பழமோ கொய்யாவோ கொண்டுவாருங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு எனில், எதைத் தரலாம் என்று செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.