உருளைத்தலைப் பழுதுநீக்கத்தில் வினைச்சொற்கள்: புதுக்கோட்டை மாவட்ட மோட்டார் பட்டறை வழக்குகளை முன்வைத்து

தொழில்சார் சொற்களைத் திரட்டும் ஆய்வுகள் உழவு, நெசவு, மீன்பிடி, மட்பாண்டம் முதலிய மரபுத் தொழில்களிலேயே பெரிதும் நின்றுள்ளன. மோட்டார் வாகனப் பழுதுநீக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்த தொழில். எனினும் அதன் சொற்கள் யாவும் ஆங்கிலம் என்னும் எண்ணம் அதனை ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பெயர்ச்சொற்களை மட்டும் நோக்கின் இவ்வெண்ணம் சரியே. ஹெட், வால்வு, கைடு, சீட், கேஸ்கட், டேப்பட் ஆகிய அனைத்தும் கடன்சொற்கள். வினைச்சொற்களை நோக்கின் நிலைமை வேறாகிறது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, பொன்னமராவதி வட்டாரப் பட்டறைப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு, கார் எஞ்சினின் உருளைத்தலையைச் செப்பனிடும் பணியின்வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

உருளைத்தலையும் அதன் கேடும்

எஞ்சின் உருளைகளின் வாயை மேலிருந்து மூடும் உலோகக் கட்டியே உருளைத்தலை. எரிபொருட்கலவை உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, அவற்றைத் திறந்து மூடும் வால்வுகள், குளிர்நீர் ஓடும் அறைகள் ஆகியன இதனுள் அடங்கும். அம்பாசிடர் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் இது வார்ப்பிரும்பால் ஆனது. மாருதி 800 காரில் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆதலால் இரும்பு உடலின்மேல் அலுமினியத் தலை அமைந்த எஞ்சின் அளவுமீறிச் சூடேறும்போது, போல்ட்டுகளால் கட்டுண்ட தலை விரிய இடமின்றி வளைகிறது. ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றும் பழக்கம் இதற்கு ஒரு முதற்காரணம். உப்பு படிந்து நீர்வழி குறுகுகிறது.

வளைந்த தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கெட்டவுடன் வண்டி 'தண்ணீர் குடிக்கிறது'. இவ்வினையைச் சற்று நின்று நோக்க வேண்டும். ரப்பர் குழாயிலோ ரேடியேட்டரிலோ நீர் வெளிப்பட்டால் அது 'ஒழுகுதல்'. வெளியே ஈரம் சிறிதுமின்றி நீர் குறைந்தால் அது 'குடித்தல்'. முன்னது கண்ணுக்குப் புலப்படும் கேடு. பின்னது தலையைக் கழற்றாமல் காண இயலாத கேடு. வண்டியுரிமையாளர் இரண்டில் எந்த வினையைச் சொல்கிறார் என்பதிலேயே பழுதறிதல் தொடங்கிவிடுகிறது. 'ஆயில் குடித்தல்' என்பதும் இவ்வாறே. நீலப்புகை 'தள்ளினால்' வால்வுக் கைடோ ரிங்கோ தேய்ந்துள்ளது. வெண்புகை விடாது தள்ளினால் நீர் உருளைக்குள் இறங்குகிறது.

பணிமுறையும் வினைகளும்

போல்ட்டு 'கழற்ற'ப்படும், தலையோ 'இறக்க'ப்படும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே, ஓரங்களிலிருந்து நடுநோக்கிச் சிறிது சிறிதாகப் போல்ட்டுகள் தளர்த்தப்படுகின்றன. இறக்கிய தலையின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் வைத்து, இடைவெளியில் மெல்லிய தகட்டளவியைச் செருகிப் பார்ப்பர். சிறிய கார்களுக்குப் பொதுவாக 0.05 மி.மீ. வரையே வளைவு ஏற்கப்படும். மிகுந்தால் 'பேசிங் அடிக்க' வேண்டும். பரப்பைச் சீவும் பொறி எல்லாப் பட்டறைகளிலும் இல்லை. எனவே தலை மட்டும் தனியே நகரத்து லேத் பட்டறைக்குப் பயணம் போகும். அளவுமீறிச் சீவினால் எரியறை சுருங்கி அமுக்க விகிதம் ஏறிவிடும்.

வால்வை அதன் சீட்டோடு இழைப்பது 'தேய்த்தல்'. உராய்பசை தடவி, உறிஞ்சுகிண்ணம் பொருத்திய கோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுவர். 45 பாகைச் சரிவில் சாம்பல்நிற வளையம் ஒன்று முறிவின்றித் தெரிந்தால் வால்வு 'உட்கார்ந்துவிட்டது'. தலையைக் கவிழ்த்து எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றி, கசிவில்லை எனக் கண்ட பின்னரே அச்சொல் உறுதிபெறும்.

'சீட்' என்னும் ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பே 'உட்கார்' எனக் கருத இடமுண்டு. ஆயினும் தச்சுத்தொழிலில் கதவு நிலையில் சரியாகப் பொருந்தாதபோதும் 'கதவு உட்காரவில்லை' என்பதே வழக்கு. அங்கே சீட் எதுவுமில்லை. ஒரு பொருள் தனக்குரிய இடத்தில் இடைவெளியின்றிப் பொருந்துதல் என்னும் பொருளில் தமிழில் முன்பே வழங்கும் வினையே வால்வுக்கும் வந்தது எனக் கொள்வது பொருத்தம்.

கலைச்சொற் பட்டியல்களில் வால்வுக்கு 'ஓரதர்' என்னும் சொல் காணப்படுகிறது. ஓர் வழி எனப் பொருள்படும் அழகிய ஆக்கம். பாய்மத்தின் அழுத்தத்தாலேயே திறந்து, திரும்பவிடாது தடுக்கும் வால்வுக்கு நன்கு பொருந்தும். எஞ்சின் வால்வைத் திறப்பதோ கேம் தண்டு, மூடுவதோ சுருள்வில். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியல் பட்டப்படிப்பைத் தமிழ்வழியிலும் தொடங்கியபின் இத்தகைய பெயராக்கங்களின் தேவை பெருகியது. ஆனால் அவ்வால்வு உட்காருமா, தேய்க்கப்படுமா என்பதைப் பெயர்ப்பட்டியல் சொல்வதில்லை. மாணவர் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது அவ்வினைகளையே.

கடனும் வினையும் ஒருங்கே நிற்கும் இடம் இறுதிக்கட்டத்தில் உள்ளது. புதுக் கேஸ்கட்டின்மேல் தலையை ஏற்றி, இம்முறை நடுவிலிருந்து ஓரம்நோக்கிப் பல படிகளில் போல்ட்டுகளை இறுக்குவர். கையளவில் இறுக்குவது 'முடுக்குதல்'. அளவுகாட்டும் ஸ்பேனரால் கையேட்டு எண்ணுக்கு இறுக்குவது 'டார்க் வைத்தல்'. பாடநூல்களின் 'முறுக்குவிசை' இங்கு வழங்கவில்லை. எனினும் கைப்பழக்கத்துக்கும் எண்ணளவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு வினைகளும் துல்லியமாகப் பிரிக்கின்றன. 'முடுக்கி'யதோடு நின்ற தலை, சில நூறு கிலோமீட்டரிலேயே மீண்டும் தண்ணீர் குடிக்கத் தொடங்கலாம்.