ஒரு சிட்டிகைத் தூள்

குழந்தை சரியாகச் சாப்பிடாமல் வாந்தி எடுத்தால், "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வா" என்று சொல்லும் பாட்டிகள் நம்மூரில் இன்னும் உண்டு. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பங்களில் ஏறக்குறைய இதே நோய்க்கு 'எம்பாச்சோ' என்று பெயர். தின்றது வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கிறது என்பது நம்பிக்கை.

வைத்தியமும் நமக்குப் புதிதல்ல. எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவார்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகுத் தோலைப் பிடித்து இழுப்பார்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் ஒட்டியது விட்டுவிட்டதாம். புதினாக் கஷாயமும் கொடுப்பார்கள். இவற்றால் பெரிய கேடு இல்லை. சில வீடுகளில் கூடவே ஊட்டிய ஒரு சிட்டிகைத் தூள்தான் வினை.

மஞ்சளாக இருந்தால் அது 'கிரேட்டா', ஆரஞ்சு நிறமென்றால் 'அசார்கோன்'. இரண்டுமே ஈய ஆக்சைடுகள்; எடையில் சுமார் 90 சதவீதம் ஈயம். மண்பாண்டத்துக்குப் பளபளப்பு ஏற்றக் குயவர்கள் பூசுவது கிரேட்டா. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கலும் அதனால் வரும். மருந்தே நோயைப் போல நடிக்கும்போது, இன்னும் குணமாகவில்லையே என்று இன்னொரு சிட்டிகை கொடுக்கத்தானே தாய்க்குத் தோன்றும்?

1981இல் லாஸ் ஏஞ்சலஸில் ஈய நஞ்சேறிய ஒரு குழந்தையின் வழியாக அசார்கோன் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. துருவித் துருவிக் கேட்ட பிறகே வீட்டு வைத்தியம் வெளிப்பட்டது. இதைத் தொடர்ந்து மானுடவியலாளர் ராபர்ட் டிராட்டர் தெற்கு டெக்சாஸின் மூலிகைக் கடைகளில் அசார்கோனைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் 'கிரேட்டா' என்று கேட்டார், கிடைத்தது! சரியான பெயர் தெரியாதவரை விஷம் கண்ணில் படவே இல்லை. எம்பாச்சோ என்று ஒன்று கிடையாது என வாதாடுவதை விட, இந்தத் தூளை மட்டும் விட்டுவிடச் சொல்வதே பலன் தரும் என்பது அவர் கண்ட வழி.

இத்தகைய நம்பிக்கைகளைச் சிரித்து ஒதுக்கினால் வேறு ஆபத்தும் உண்டு. 'உச்சிக்குழி விழுந்துவிட்டது' என்று அதே சமூகத்துத் தாய் ஓடிவந்தால், அண்ணத்தை அழுத்தித் தூக்கிவிடும் அவர்களுடைய வைத்தியம் தவறாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் கண்டது தவறல்ல. பேதியில் உடலின் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும். அந்தக் குழந்தைக்கு உடனே உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும் தேவை.

எந்த ஊரில் இருந்தாலும், குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போகும்போது வீட்டில் கொடுத்த மருந்துப் பொட்டலத்தையும் மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.