சட்டையை விற்றால் தடை

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் 2010இல் ஏ.ஜே. கிரீன்தான் நட்சத்திரம். தான் போட்டு விளையாடிய சட்டையை ஆயிரம் டாலருக்கு விற்றார். வாங்கியவரை ஏஜென்ட் கணக்கில் சேர்த்து, கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ சங்கம் கிரீனுக்கு நான்கு ஆட்டங்கள் தடை விதித்தது. அதே சமயம் அவருடைய 8ஆம் எண் போட்ட சட்டைகளைப் பல்கலைக்கழகக் கடை விற்றுக்கொண்டிருந்தது. அதில் யாரும் விதிமீறல் காணவில்லை.

வீரர்கள் விளையாட்டைக் காசாக்கக் கூடாது என்ற சங்கத்தின் கறார் சாப்பாட்டுத் தட்டுவரை நீண்டது. வீரர்களுக்கு இடைத்தீனியாகப் பேகல் ரொட்டி தரலாம். அதில் க்ரீம் சீஸ் தடவிவிட்டால் அது சாப்பாடு, ஆகவே கூடாது என்றொரு விதி பல காலம் இருந்தது. 2014இல் கனெக்டிகட் அணிக்குக் கூடைப்பந்துக் கோப்பையை வென்று தந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த சில நாட்களில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தளர்ந்தது.

காசுக்குப் பஞ்சமா என்றால் இல்லை. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டுமே இப்போது ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியுமுன்னே வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல், நம் கணக்கில் அறுநூறு கோடி ரூபாயைத் தாண்டும். வேலை பார்க்காமல் இருப்பதற்கான கூலி அது!

"படிப்பு இலவசம், அதுதானே சம்பளம்?" என்பார்கள். வெற்று வாதம் என்று தள்ள மாட்டேன். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் உதவித்தொகையில்தான் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனார். 2018லும் 2022லும் என்சிஏஏ உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். டிக்கெட் வாங்கி உயரம் தாண்டுதல் பார்க்கக் கூட்டம் வருவதில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் அத்தகைய விளையாட்டுகளைப் பெரும்பாலும் தாங்குவது கால்பந்தின் வருமானம்.

ஆனால் அந்தக் கால்பந்து வீரனுக்குக் கிடைப்பது என்ன படிப்பு? வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஒரு துறையில், வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு தாராளமாக மதிப்பெண் போடும் பாடங்கள் 18 ஆண்டுகள் ஓடின. பயன்பெற்றவர்கள் 3,100 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். மற்ற மாணவர்களும் அந்தப் பாடங்களை எடுத்ததால் இது தன் விதிகளுக்குள் வராது என்று 2017இல் சங்கம் கைகழுவியது. ஆயிரம் டாலர் சட்டைக்கு நான்கு ஆட்டம் தடை போட்ட அதே சங்கம்.

சம்பளத்தைவிட, ஊழியர் என்ற அந்தஸ்தைக் கண்டுதான் கல்லூரிகளுக்கு எப்போதும் பயம். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்தது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சித்தான் ‘மாணவ வீரர்’ என்ற பெயரையே புகுத்தினோம் என்று சங்கத்தின் நிர்வாக இயக்குநராகப் பல காலம் இருந்த வால்டர் பையர்ஸ் 1995இல் தன் நூலில் எழுதினார். ஓய்வுபெற்ற பிறகு வந்த உண்மை.

அதன்பின் காசு வந்தது. வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை முதல் வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர். தவிர, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். பெரும் பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும். பாக்கித்தொகைப் பங்கீட்டை எதிர்த்து வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் இந்தச் சமரசத்தையும் ஒரு காரணமாகக் காட்டி நீச்சல் அணியையே கலைத்தது.

எனக்கு இதில் அரை மகிழ்ச்சிதான். கோடிகளைப் பகிரச் சம்மதித்த கல்லூரிகள், ஊழியர் என்று ஏற்க இன்னும் மறுக்கின்றன. ஏற்றால் காயத்துக்கு இழப்பீடு, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை, வேலை நேர வரம்பு எல்லாம் கூடவே வரும். விளம்பரக் கம்பெனி தேடி வராத சாதாரண வீரனுக்கு வேண்டியவை அவைதாம்.

டார்ட்மத் கல்லூரியில் மாணவர் உணவகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் 2022இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள், நல்ல மணிக்கூலியும் வாங்கினார்கள். கூடைப்பந்து அணியிலேயே அங்கு வேலை பார்த்தவர் இருந்தார். 2024 மார்ச்சில் அணியும் 13க்கு 2 என்று வாக்களித்து அதே வழியில் இறங்கியது. கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. அமெரிக்காவில் ஆட்சி மாறப்போகிறது, தொழிற்சங்க விவகாரங்களைத் தீர்க்கும் தொழிலாளர் வாரியமும் கைமாறும் என்ற நிலையில், அந்த ஆண்டின் கடைசி நாளன்று அணியின் தொழிற்சங்க மனு திரும்பப் பெறப்பட்டது. ஆக, தட்டு ஏந்தும் மணிநேரத்துக்கு அந்த வீரர் கல்லூரியின் ஊழியர். பந்து ஏந்தும் மணிநேரத்துக்கு இல்லை.