மலையகக் கல்யாணத்தில் மொய்

மொய் என்பது கல்யாண வீட்டின் செலவை உறவும் ஊரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த தொழிலாளர்கள் இவ்வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஹட்டன் சுற்றுத் தோட்டங்களில் மொய் எழுதும்போது பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தோட்டம், டிவிசன், தகப்பன் பெயர் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறையில் வைத்துக் கொடுப்பவர்கள் அவற்றை உறைமேல் எழுதிவிட்டால், பிறகு கணக்குப் பார்க்கும் வீட்டாருக்குப் பெரிய உதவி.

தொகையைத் தீர்மானிக்குமுன் தன் வீட்டுப் பழைய மொய்க் கொப்பியைப் பார்ப்பது அவசியம். கல்யாண வீட்டார் முன்பு நமக்குச் செய்ததற்குக் குறையாமல், இயன்றால் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்வதே முறை. பல வருடங்களுக்கு முந்திய 500 ரூபாயை இன்று அப்படியே திருப்பினால் அது ஈடாகாது. விலைவாசி அவ்வளவு மாறிவிட்டது. முழுத் தொகையோடு ஒரு ரூபாய் சேர்த்து 501, 1,001 என வைப்பது மரபு.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021இல்தான். அன்று 1,001 ரூபாய் மொய் எழுதியவர் ஒரு முழு நாள் உழைப்புக்கும் மேலாகக் கொடுத்தார். அதைச் சிறிய தொகையென்று எவரும் எண்ணலாகாது.

தாய்மாமன் சீர் தனி. அது மொய்க்கணக்கில் சேராது. பொருளாகக் கொடுக்க விரும்புவோர் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, லயத்து அறையில் இடம் குறைவு. வர முடியாதவர்கள் அயலவரிடம் மொய்யைக் கொடுத்தனுப்பலாம், அதில் குறையில்லை.